மெனோர்காவின் லிசிமாக்கியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினுக்குக் கிழக்கே, மத்தியதரைக் கடலில் மெனோர்கா என்று ஒரு தீவு. அங்கே ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் முளைத்துக்கொண்டிருந்த ஒரு பூச்செடி இருந்தது. இன்று அந்தத் தீவில் அது தானாக எங்கும் முளைப்பதில்லை. ஆனால் ஐரோப்பாவின் தாவரவியல் தோட்டங்களில் தொட்டி தொட்டியாக வளர்கிறது. சொந்த ஊரில் இல்லாமல் வெளியூரில் மட்டும் பிழைத்திருக்கும் இந்தச் செடியைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

செடியின் பெயர் என்ன?

அறிவியல் பெயர் லிசிமாக்கியா மினோரிசென்சிஸ். பின்பாதிக்கு 'மெனோர்காவைச் சேர்ந்த' என்று பொருள். முன்பாதி லிசிமாக்கஸ் என்ற பழைய திரேஸ் நாட்டு அரசரின் பெயர் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். அலெக்சாந்தரின் படைத்தலைவராக இருந்து பிறகு அரசரானவர் அவர். தமிழில் இதற்குப் பெயர் கிடையாது, இருக்கவும் வாய்ப்பில்லை. அதனால் இங்கே லிசிமாக்கியா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மெனோர்கா எங்கே இருக்கிறது?

பலேரிக் தீவுக்கூட்டத்தின் கிழக்குக் கோடியில். பரப்பு சுமார் 700 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டி. தலைநகர் மாவோ, ஸ்பானிய மொழியில் மகோன். ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்ளும் மயோனைஸின் பெயர் இந்த ஊரிலிருந்துதான் வந்தது என்று ஒரு கதை உண்டு. மெனோர்காக்காரர்கள் அதை விட்டுக்கொடுப்பதே இல்லை.

செடியைப் புரிந்துகொள்ளத் தீவின் மண்ணைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வடபாதியை திரமுந்தானா என்கிறார்கள். பழைய பாறைகள், கரடுமுரடான கரை, வருஷம் முழுக்க அடிக்கும் வடக்குக் காற்று. தென்பாதிக்கு மிஜோர்ன் என்று பெயர். அங்கே சுண்ணாம்புக்கல் மேட்டை மழைநீர் அறுத்து, ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கிறது. உள்ளூர் மொழியில் பர்ராங்க். மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது பர்ராங்கின் அடியில் நிழலும் ஈரமும் தங்கியிருக்கும். லிசிமாக்கியா அந்த ஈரத்தை நம்பி வாழ்ந்த செடி. அது இருந்ததாகத் தெரிந்த இடம் பர்ராங்க் தெ சா வால் என்ற பள்ளத்தாக்கு ஒன்றுதான்.

பார்க்க எப்படி இருக்கும்? பூ அழகாக இருக்குமா?

பூவை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பூ. வெள்ளையில் லேசாக இளஞ்சிவப்பு தோய்ந்திருக்கும். இலைக்கும் தண்டுக்கும் நடுவே ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு பூக்கும். நாலடி தள்ளி நின்றால் பூத்திருப்பதே தெரியாது.

இலைதான் அழகு. முதலில் தரையோடு ஒட்டினாற்போல இலைகள் வட்டமாக விரியும். நல்ல பச்சை. அதன் மேல் நடு நரம்பும் கிளை நரம்புகளும் வெள்ளிக் கம்பி இழைத்தது போல வெளுத்துத் தெரியும். குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஊதா. நிழலில் வளரும் செடிகள் பலவற்றில் இந்த அடிப்பக்க ஊதாவைப் பார்க்கலாம். பிறகு இலைவட்டத்தின் நடுவிலிருந்து நிமிர்ந்த தண்டு கிளம்பும். அதிகம் போனால் முழங்கால் உயரம். பூத்து, காய்த்து, விதை கொட்டியபின் செடி பெரும்பாலும் காய்ந்துவிடும். சில செடிகள் இன்னொரு பருவம் தாக்குப்பிடிப்பதும் உண்டு.

காய் மிளகைவிடச் சிறிய உருண்டை. முற்றியதும் வெடித்துத் திறக்கும். உள்ளே கசகசா போலப் பொடிப் பொடியாக விதைகள். இந்தக் கசகசா அளவு விதைதான் செடியைப் பிழைக்க வைத்தது.

யார் கண்டுபிடித்தது?

மாவோ நகரத்துக்காரரான ஜுவான் ஜொவாகிம் ரொத்ரீகஸ் ஃபெமேனியாஸ் என்ற தாவரவியலாளர். 1839இல் பிறந்து 1905இல் இறந்தவர். தன் தீவின் செடிகொடிகளைப் பட்டியலிட்டு 1865 முதல் 1868 வரை வெளியிட்டார். 1868இல் இந்தச் செடியைப் புது இனமாக விவரித்தார்.

அந்தக் காலத்தில் பாரிஸிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஒருவர் கப்பலில் வந்து, ஒரு மாதம் சுற்றி, பத்துப் புது இனங்களுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கமாக இருந்தது. இங்கே பெயர் வைத்தவர் உள்ளூர் ஆள். தினமும் நடந்த மண்ணில் பார்த்த செடி. அதனாலேயே எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

எப்போது அழிந்தது?

1926க்கும் 1950க்கும் நடுவில். 'நடுவில்' என்று சொல்வதற்குக் காரணம், ஒரு செடி கடைசியாக உதிர்ந்த நாளை யாரும் பக்கத்தில் நின்று குறித்துவைப்பதில்லை. ஒருவர் போய்ப் பார்த்தபோது இருந்தது. பிறகு போனவர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்புறமும் தேடினார்கள். எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பினால் 'இனி இல்லை' என்று எழுதலாம் என்பது எப்போதுமே சங்கடமான கேள்வி. கண்டுபிடித்து அறிவித்ததிலிருந்து தொலைந்தது வரை நூறு வருஷம்கூட இல்லை.

எதனால் அழிந்தது?

உறுதியான காரணம் யாரிடமும் இல்லை. மற்ற செடிகளின் கதையில் அணை கட்டினார்கள், ஹோட்டல் கட்டினார்கள், காட்டை எரித்தார்கள் என்று விரல் நீட்ட ஏதாவது இருக்கும். மெனோர்காவுக்குச் சுற்றுலாக் கூட்டம் வரத் தொடங்கியதே இந்தச் செடி போனபிறகுதான். அந்தப் பள்ளத்தாக்கும் பெரிதாக மாறிவிடவில்லை என்றே சொல்கிறார்கள்.

ஆனாலும் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரே இடம். குறைந்த எண்ணிக்கை. வாழ்நாளும் குறைவு. இப்படி இருக்கும் செடிக்குப் பெரிய ஆபத்து எதுவும் வர வேண்டியதில்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று வறண்ட வருஷம் போதும். பூக்கும் சமயத்தில் ஒரு வெள்ளம் வந்து ஓரத்து மண்ணை அரித்துக்கொண்டு போனாலும் போதும். ஆடு மாடு மேய்ந்திருக்கலாம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தாவரவியலாளர்களே பறித்துத் தீர்த்திருக்கலாம் என்பதுதான் அது. அரிய இனம் என்று அச்சில் வந்துவிட்டால், ஐரோப்பாவின் ஒவ்வொரு ஹெர்பேரியத்துக்கும் ஒரு மாதிரி வேண்டியிருந்த காலம் அது. ஹெர்பேரியம் என்றால் செடிகளை வேரோடு பிடுங்கி, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம். ஒரு தாளுக்கு ஒரு செடி. எல்லா இடத்திலும் கிடைக்கும் செடியைப் பத்துப் பேர் பறித்தால் பாதகமில்லை. ஒரே பள்ளத்தாக்கில் இருப்பதைப் பத்துப் பேர் பறித்தால் கணக்கு வேறு. இதுதான் நடந்தது என்று நிரூபணம் இல்லை. இல்லவே இல்லை என்று தள்ளவும் முடியாது.

அழிந்துபோன செடி எப்படி இன்றும் உயிரோடு இருக்கிறது?

'அழிந்தது' என்பதில் இரண்டு வகை உண்டு. இயற்கை பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், உலகில் எங்குமே ஒன்றுகூட மிஞ்சாதவை ஒரு வகை. இயற்கையில் இல்லை, வளர்ப்பில் மட்டும் இருக்கிறது என்பவை இன்னொரு வகை. லிசிமாக்கியா இரண்டாவது பட்டியலில் இருக்கிறது.

அதைக் காப்பாற்றியது தாவரவியல் தோட்டங்களுக்குள் நடக்கும் விதைப் பரிமாற்றம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

தாவரவியல் தோட்டங்கள் பலவும் வருஷத்துக்கு ஒருமுறை, தங்களிடம் அந்தப் பருவத்தில் சேர்ந்த விதைகளின் பட்டியலை அச்சிட்டு மற்ற தோட்டங்களுக்கு அனுப்பும். நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கம். பட்டியலைப் பார்க்கும் தோட்டக்காரர் தனக்கு வேண்டியதற்கு நேரே குறிபோட்டுத் திருப்பி அனுப்புவார். சில வாரத்தில் தபாலில் சின்னச் சின்னக் காகித உறைகள் வரும். உறைமேல் பெயர், எண், வருஷம். பணம் கிடையாது. நீ இன்று கொடு, நான் நாளை கொடுக்கிறேன் என்ற கணக்கு. ஊரில் அவரை விதையும் பூசணி விதையும் வீட்டுக்கு வீடு கைமாறுமே, கிட்டத்தட்ட அதேதான். லத்தீன் பெயர்களில் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

லிசிமாக்கியா விதை பார்சிலோனாவின் தாவரவியல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே முளைத்தது, காய்த்தது, பட்டியலில் ஏறியது, உறைகளில் புறப்பட்டது. வாங்கிய தோட்டங்கள் வளர்த்து மறுபடி விதை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தன. இந்த உறைகள் எல்லைகளைக் கடந்து கைமாறிக்கொண்டிருந்த காலத்தில் பள்ளத்தாக்கில் செடி இல்லாமல் போனது. 'அழியப்போகிறது, காப்பாற்றுவோம்' என்று யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததாக இல்லை. குமாஸ்தா வேலை மாதிரி சலிப்பான ஒரு வழக்கம், தற்செயலாக ஓர் இனத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

செடியின் குணமும் உதவியது. இந்த இனம் தன் மகரந்தத்தைக்கொண்டே விதை பிடிக்கும். கண்ணாடி வீட்டுக்குள் தேனீ இல்லாவிட்டாலும், பக்கத்தில் துணைச்செடி இல்லாவிட்டாலும் காய்க்கும். இதற்கு எதிரான உதாரணம் தென்னாப்பிரிக்காவின் என்செபலார்டோஸ் வூடீ. அந்தச் சைக்கஸ் வகை மரத்தில் ஆண் மட்டும்தான் கிடைத்தது. பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால் விதையே இல்லை, பக்கக் கன்று பிரித்துத்தான் வளர்க்கிறார்கள்.

அப்படியென்றால் விதையை அதே பள்ளத்தாக்கில் தூவிவிட வேண்டியதுதானே?

எல்லோரும் கேட்பது, நியாயமான கேள்வி. செய்தும் பார்த்துவிட்டார்கள், ஒருமுறை இல்லை, பலமுறை. செடி நிலைக்கவில்லை. தொட்டியில் நன்றாக வளர்கிற செடி சொந்த ஊரில் தலையெடுக்கவில்லை.

காரணங்களில் ஒன்றைச் சோதனைச்சாலையிலேயே பார்த்தார்கள். 1999இல் 'மாலிக்யூலர் ஈகாலஜி' ஆய்விதழில் இதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றில் நொதிகளை ஒப்பிட்டார்கள், மற்றதில் மரபணுத் துண்டுகளை. வெவ்வேறு தோட்டங்களின் செடிகளை எடுத்துப் பார்த்தும் வேறுபாடே தட்டுப்படவில்லை. எல்லாம் ஒரே அச்சு.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். நெல் வயலை நினைத்துப் பாருங்கள். பல ரகம் கலந்து நட்ட நிலத்தில் வறட்சி வந்தால் ஒன்றாவது தாங்கி நிற்கும். ஒரே ரகம் நட்டிருந்தால் அது சாயும்போது எல்லாமே சாயும். காட்டில் ஒரு செடியின் நூறு நாற்றுகளில் சில நிழலை விரும்பும், சில வெயிலைத் தாங்கும், சில தாமதமாக முளைத்து முதல் வறட்சியிலிருந்து தப்பும். அந்தச் சில்லறை வித்தியாசங்கள்தான் இனத்தின் சேமிப்பு. லிசிமாக்கியாவிடம் அந்தச் சேமிப்பு இல்லை. பள்ளத்தாக்கில் இருந்தபோதே இல்லையா, தோட்டத்துக்கு வந்த ஒரு பிடி விதையோடு குறைந்ததா என்பது வேறு விவாதம்.

இரண்டாவது, தோட்டம் என்பதே ஒரு சல்லடை. தொட்டியில் போட்ட விதையில் சீக்கிரம் முளைத்ததைத் தோட்டக்காரர் எடுத்து நடுவார். தாமதமாக முளைப்பதைக் குப்பையில் கொட்டிவிடுவார். தினமும் தண்ணீர். களை கிடையாது, ஆடு கிடையாது. எத்தனையோ தலைமுறை இப்படிப் போனால், தொட்டிக்குப் பழகிய செடிதான் மிஞ்சும். விடுதியிலேயே வளர்ந்த பிள்ளையைத் திடீரென்று காட்டில் விட்டது போல என்று ஒரு நண்பர் சொன்னார். சரியாகத்தான் படுகிறது.

மூன்றாவது, அங்கே இருந்த செடிக்குத் துல்லியமாக எந்த இடம் பிடித்திருந்தது என்பது எழுத்தில் இல்லை. ஓடைக்கு எவ்வளவு தூரம், எந்த மரத்தடி, எந்தப் பக்க நிழல்? பழைய ஹெர்பேரியத் தாள்களில் பள்ளத்தாக்கின் பெயரும் தேதியும் இருந்தால் பெரிய விஷயம். இப்போது மாதிரி செயற்கைக்கோள் வைத்து இடம் குறிக்கிற காலமா அது?

இதே கதையுள்ள வேறு செடிகள் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அல்டமாகா ஆற்றங்கரையில் 1765இல் ஜான் பார்ட்ராம், வில்லியம் பார்ட்ராம் என்ற அப்பாவும் மகனும் ஒரு வெள்ளைப்பூ மரத்தைப் பார்த்தார்கள். பிறகு மகன் விதை கொண்டுவந்து வளர்த்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நினைவாக ஃபிராங்க்ளினியா என்று பெயர் வைத்தார்கள். 1803க்குப் பிறகு அதைக் காட்டில் பார்த்தவர் இல்லை. இன்று உலகில் இருக்கும் ஃபிராங்க்ளினியா எல்லாம் அந்தத் தோட்டத்து வாரிசுகள்தான். ஈஸ்டர் தீவின் தொரொமிரோ மரமும் அப்படியே. 1950களில் தோர் ஹெயர்டால் என்ற நார்வேக்காரர் கொண்டுபோன விதைகளால் அது பிழைத்தது.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. தாளிப்பனையின் உறவான கோரிஃபா தாலியேரா என்ற வங்காளப் பனை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து, காய்த்து, செத்துப்போகும். சாந்திநிகேதன் பக்கத்தில் காட்டு மரமாக மிஞ்சியிருந்த கடைசி ஒன்று பூக்கத் தொடங்கியபோது, தலைக்குமேல் எழும்பிய அந்தப் பிரம்மாண்டமான பூங்கொத்தைப் பேய் என்று பயந்து 1979இல் வெட்டிவிட்டார்கள். டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற இன்னொரு மரம் 2008இல் பூத்ததால் வம்சம் தொடர்கிறது.

மத்தியதரைக் கடல் தீவுகளில் மட்டும் ஏன் இத்தனை அரிய செடிகள்?

தீவு என்றாலே தனிக்குடித்தனம். கடல் சுற்றி நிற்பதால் உள்ளே வந்த செடி வெளி உறவில்லாமல் தன்பாட்டில் மாறும். மத்தியதரைக் கடலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பு அடைபட்டு, அந்தக் கடலே பெரும்பாலும் வற்றிப்போனது. சுமார் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறுபடி நிரம்பியது. வற்றிய காலத்தில் நடந்து வந்த உயிர்களெல்லாம் நிரம்பியபோது மாட்டிக்கொண்டன. மெனோர்காவில் அப்படி மாட்டிக்கொண்டு பெருத்துப்போன ஒரு முயலின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. சுமார் 12 கிலோ எடை இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, 2011இல் அதற்கு 'முயல்களின் அரசன்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். செடிக் கேள்விக்கு முயல் பதில் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதோடு அந்தப் பகுதியில் மழை குளிர்காலத்தில், வறட்சி கோடையில். நம் ஊருக்கு அப்படியே தலைகீழ் கணக்கு இல்லாவிட்டாலும், கோடையைத் தாண்டுவதுதான் அங்கே ஒவ்வொரு செடிக்கும் தேர்வு. ஈரம் தங்கும் பள்ளத்தாக்கு, வடக்குப் பார்த்த பாறை இடுக்கு போன்ற சின்ன இடங்கள் பழைய இனங்களுக்குப் புகலிடமாகிவிட்டன. சிசிலித் தீவில் 1991இல்தான் கண்ணில்பட்ட ஸெல்கோவா மரமும், கடலோரச் செங்குத்துப் பாறையை விட்டு இறங்காத மால்டாவின் தேசியச் செடி 'விட்னெட் இல் பஹார்' என்பதும் இப்படி ஒதுங்கி வாழ்பவைதான். அந்த மால்டா மொழிப் பெயருக்குக் 'கடலின் காது' என்று அர்த்தம்.

மருந்துக்கு ஆகுமா?

ஆகாது. உறவுக்காரச் செடி ஒன்றைச் சீன வைத்தியத்தில் பயன்படுத்துகிறார்கள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இருந்த செடிக்கு யார் வைத்தியம் பார்த்துப் பழகியிருப்பார்கள்?

இதன் சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டில் உண்டா?

உண்டு, நீலகிரியிலேயே. லிசிமாக்கியா லெஷெனோல்டீ என்று ஒரு இனம். மலையில் ஈரமான புல்வெளி ஓரங்களில் வளரும். ரோஜா நிறம் கலந்த ஊதாப் பூக்கள் நுனியில் கொத்தாக இருக்கும், மெனோர்காக்காரியைவிட நல்ல அழகு. லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயர் அது. 1816இல் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டு, தென்னிந்தியாவில் செடி சேகரித்தவர்.

வயல் களையாக நீலமும் செந்நிறமுமாகப் பூக்கும் அனகாலிஸ் என்ற பொடிச் செடியையும் மரபணு ஆய்வுக்குப் பிறகு 2009இல் லிசிமாக்கியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தில் ஒருவர் தொலைந்துபோனவர், இன்னொருவர் உலகம் முழுக்கப் பிடுங்கினாலும் போகாதவர்.

வீட்டில் வளர்க்கலாமா? விதை கிடைக்குமா?

ஐரோப்பாவில் சில நாற்றுப்பண்ணைகளும் விதை வியாபாரிகளும் விற்கிறார்கள். இயற்கையில் அழிந்த ஒரு செடியின் விதைப் பாக்கெட் சில யூரோவுக்குக் கிடைக்கிறது என்பதே முதலில் கேட்டபோது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. தோட்டத்தில் வளர்ந்ததிலிருந்து எடுத்த விதை என்பதால் வாங்கினால் காட்டுக்கு நஷ்டம் இல்லை.

இந்தியாவுக்குத் தபாலில் வரவழைப்பது வேறு விஷயம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி விதைக்கு இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றும் வேண்டும். 'சின்ன உறைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று இறங்காதீர்கள். இன்று நம் மலைகளைப் பிடித்து ஆட்டும் உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கப்பலில் வந்ததுதான்.

வெளிநாட்டில் குளிர்ச்சியான ஊரில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். விதையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி, லேசாக அழுத்திவிட்டால் போதும். இலையுதிர்காலக் குளிர்ச்சியில் விதைப்பது நல்லது. தண்ணீர் தேங்காத, ஆனால் காயாத மண். மதிய வெயில் படாத இடம். முதல் பருவம் முழுக்க இலைவட்டம் மட்டும்தான் இருக்கும், பூவைக் காணோமே என்று பதறிக் கிளறிவிடாதீர்கள். காய் பழுப்பாக மாறியதும் தண்டின்மேல் ஒரு காகிதப்பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். மறந்தால் அடுத்த வருஷம் பக்கத்துத் தொட்டிகளில் எல்லாம் அதுவே முளைத்திருக்கும். சென்னை, மதுரை, யாழ்ப்பாண வெயிலில் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

வீட்டில் வளர்த்தால் இனத்தைக் காப்பாற்றுவதாக ஆகுமா?

ஆகாது என்றுதான் சொல்வேன். எல்லாம் ஒரே அச்சு என்னும்போது இன்னும் நூறு தொட்டி கூடுவதால் புதிதாக எதுவும் சேராது. பக்கத்தில் வேறு லிசிமாக்கியா வளர்ந்து பெயர்ச்சீட்டு மாறிப்போனால் குழப்பம்தான் கூடும். பாதுகாப்புக்கு என்று இருப்பவை விதை வங்கிகளும், பக்கத்துத் தீவான மயோர்காவில் 1985இல் தொடங்கிய சோயர் தாவரவியல் தோட்டம் போன்றவையும். பலேரிக் தீவுகளின் செடிகளுக்காகவே இருக்கும் தோட்டம் அது. விதையை உலர்த்திக் குளிரில் வைக்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்ற கணக்கை விடாமல் எழுதுகிறார்கள். நீங்கள் வளர்ப்பது ஆசைக்காக. அதில் தப்பொன்றும் இல்லை.

மெனோர்காவில் இன்னும் காட்டில் மிஞ்சியிருக்கும் அரிய செடிகள் என்னென்ன?

தீவு முழுவதும் 1993 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். ஆனாலும் சில செடிகளின் நிலை கவலைக்கிடம்தான். கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, தரையில் படரும் பொடிச் செடி ஒன்று, அபியம் பெர்மெஹோயி, கடலோரத்தில் சின்ன இடத்தில் மட்டும் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது தாஃப்னே ரொத்ரிகேஸீ. லிசிமாக்கியாவை அறிவித்த அதே ரொத்ரீகஸின் பெயர்தான். தீவின் கரையோரம் வளரும் ஒரு சின்னப் புதர். இதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பியது லில்ஃபோர்ட் பல்லி. கறுப்பும் பழுப்புமான, நம் ஊர் அரணை அளவு இருக்கும் பிராணி. ரோமானியர் காலம் முதல் மனிதரோடு வந்து சேர்ந்த வேட்டைப் பிராணிகளால் மெனோர்காவின் பெரிய நிலத்தில் அந்தப் பல்லி ஒழிந்துபோனது. சுற்றியுள்ள குட்டித் தீவுகளில் மட்டும் தப்பியது. விளைவு என்ன? பெரிய தீவில் தாஃப்னே பழங்கள் தாய்ச்செடியின் அடியிலேயே விழுந்துகிடக்கின்றன. புது நாற்றுகள் அரிது. பல்லி இருக்கும் கொலொம் என்ற குட்டித் தீவில் மட்டும் புதர்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி இளஞ்செடிகளைப் பார்க்கலாம்.

லிசிமாக்கியா விவகாரத்திலும் இப்படி ஏதாவது துணை தொலைந்ததா என்று கேட்டால், அதைக் கவனித்து எழுதிவைக்க அந்தக் காலத்தில் ஆளில்லை. தாஃப்னேவுக்கு ஒரு சாட்சித் தீவு மிஞ்சியது, இதற்கு மிஞ்சவில்லை.

மெனோர்காவுக்குப் போனால் லிசிமாக்கியாவைப் பார்க்கலாமா?

காட்டில் பார்க்க முடியாது. பள்ளத்தாக்குகளில் நடக்கலாம். சுண்ணாம்புச் சுவர், அடியில் ஈரம், காட்டு ஆலிவ் எல்லாம் இருக்கும், தேடும் செடி மட்டும் இருக்காது. செடியைப் பார்க்கத் தாவரவியல் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். கிளம்புமுன் எழுதிக் கேட்டுவிடுங்கள். இரண்டு வருஷச் செடி என்பதால் ஒரு வருஷம் பூத்துக்கொண்டிருந்த பாத்தி அடுத்த வருஷம் வெறும் மண்ணாக, பெயர்ப்பலகை மட்டும் நிற்கும்.

தாஃப்னேவைப் பார்க்க ஆசைப்பட்டால் கோடையில் போகாதீர்கள், குளிர் முடியும் சமயத்தில் போங்கள். கொலொம் தீவு எஸ் கிராவ் என்ற மீனவக் கிராமத்துக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்காவுக்குள் அடக்கம். கரையிலிருந்தே பார்த்துக்கொண்டால் போதும் என்பது என் யோசனை. இறங்கும் வாய்ப்புக் கிடைத்தால் காலடியைப் பார்த்து நடங்கள், பல்லிகள் ஆளைக் கண்டு ஓடாது.